நான்காவது ஆள் இல்லாத மேடை

சம்பளம் கிடையாது, நுழைவுச்சீட்டு கிடையாது, வாசிக்கத் தெரிந்தவர் யாரும் தெருவுக்கு வரலாம். பிரான்சின் பண்பாட்டு அமைச்சகம் 1982இல் தொடங்கிவைத்த ‘ஃபெத் தெ லா மியூசிக்’ இசைத் திருநாளின் விதி இவ்வளவுதான். ஜூன் 21 வந்தால் புதுச்சேரியிலும் அது உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மாலையில், கடற்கரைச் சாலைக்குப் பின்னால் உள்ள தெரு ஒன்றில் மூன்று பையன்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவனிடம் கிதார், இன்னொருவனிடம் பேஸ் கிதார், மூன்றாமவனுக்கு முன்னால் பாதி டிரம்செட். கீபோர்டு வாசிப்பவன் இன்னும் வரவில்லை என்று போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்கள். அரைமணி நேரம் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் தொடங்கினார்கள். அமெரிக்கக் கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் ‘ரெட் ஹவுஸ்’. முதலில் பொக்கைவாய் போல இருந்தது பாட்டு. கிதார்க்காரன் பாட வாய் திறக்கும்போதெல்லாம் பின்னால் ஒரு குழி விழுந்தது. மூன்றாவது பாட்டுக்குள் பேஸ் வாசித்த பையன் அந்தக் குழியைக் கண்டுபிடித்துவிட்டான். அதற்குப் பிறகு கீபோர்டுக்காரன் வந்து சேர்ந்தபோது அவனை யாரும் கண்டுகொள்ளவில்லை.

வராத அந்த நான்காவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கிதார், பேஸ், டிரம்ஸ் என்று மூவர் மட்டும் சேர்ந்து முரட்டுத்தனமாக ப்ளூஸ் வாசிக்கும் ஓர் அமைப்பு 1966இல் லண்டனில் உருவாகி, ‘பவர் ட்ரையோ’ என்ற பெயரோடு உலகெங்கும் பரவியது. அதன் முதல் பெரிய இசைத்தட்டுகளில் ஒன்று ஹெண்ட்ரிக்ஸ் குழுவின் ‘ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்டு’. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஹெண்ட்ரிக்ஸின் விரல்களைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு அதில் கேட்பது முதலில் ஒரு காலியிடம், பிறகுதான் விரல்கள்.

கதை தொடங்குவது இங்கிலாந்தில் அல்ல, பிரான்சில். 1966 அக்டோபர் 13. பாரிசுக்கு மேற்கே நூறு கிலோமீட்டர் போல் தள்ளி எவ்ரு என்ற சிறு நகரம். அங்கே ‘நோவெல்தி’ என்ற சினிமாக் கொட்டகை. அன்றைய பிரெஞ்சு இளைஞர்களின் தலைவன் ஜானி அலிடேயின் கச்சேரி. அவர் மேடையேறும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்கச் சில குழுக்கள். அவற்றில் ஒன்று ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ். கிடைத்த நேரம் கால்மணி. மூவரும் ஒன்றாக வாசிக்கத் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பாட்டுக்குக் கையிருப்பு இல்லை. தெரிந்த பிறர் பாட்டுகளை வைத்து ஒப்பேற்றினார்கள். உள்ளூர்ப் பத்திரிகை, ஜேம்ஸ் பிரவுனையும் சக் பெர்ரியையும் சரியாகக் கலக்காத கலவை என்று எழுதித் தள்ளிவிட்டது. மறுநாள் நான்சி, அடுத்த நாள் வில்ரூப்ட், 18ஆம் தேதி பாரிசின் ஒலிம்பியா அரங்கம். அந்த ஒலிம்பியா மேடையின் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. ஹௌலிங் வுல்ஃபின் ‘கில்லிங் ஃப்ளோர்’ என்ற சிகாகோ ப்ளூஸை மூவரும் துரத்தித் துரத்தி வாசிக்கிறார்கள். எவ்ருப் பத்திரிகைக்காரர் அதைக் கேட்டிருந்தால் தன் வரியைத் திருத்தியிருப்பாரா என்பது சந்தேகமே. அந்த அவசரம் இப்போதும் சிலருக்குக் காதைக் கிழிக்கும்.

புதுச்சேரிக்காரருக்கு அக்டோபர் 18 வேறொரு காரணத்துக்காக நினைவில் இருக்கும் தேதி. 1954இல் அதே நாளில்தான் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். சட்டப்படியான கைமாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் முடிந்தது. ஹெண்ட்ரிக்ஸ் ஒலிம்பியாவில் நின்றபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட எங்கள் ஊர்க் குடும்பங்களின் ஆட்கள் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார்கள். அவர்களை இங்கே ‘சொல்தா’ என்போம். ஹெண்ட்ரிக்ஸும் ஒரு வகையில் சொல்தாதான்: 1961இல் அமெரிக்க ராணுவத்தின் 101ஆவது வான்குடைப் படைப்பிரிவில் சேர்ந்து மறு ஆண்டே வெளியே வந்தவர். விடுப்பில் இருந்த காரைக்கால் பையன் எவனாவது அன்றைக்கு ஒலிம்பியாவின் பின்வரிசையில் இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். ஆசைதான், ஆதாரமில்லை.

மூவர் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதிலேயே தற்செயல்தான் அதிகம். ‘அனிமல்ஸ்’ குழுவில் பேஸ் வாசித்த சாஸ் சாண்ட்லர், வாசிப்பதை விட்டுத் தயாரிப்பாளராக முடிவுசெய்து, நியூயார்க் விடுதி ஒன்றில் கண்ட ஹெண்ட்ரிக்ஸை 1966 செப்டம்பர் 24 அன்று லண்டனுக்கு அழைத்துவந்தார். நோயல் ரெடிங் வந்தது கிதார் வேலை தேடி. அந்த வேலை இல்லை, பேஸ் வாசிக்கிறாயா என்று கேட்டார்கள். அதுவரை பேஸைத் தொடாதவர். மிட்ச் மிட்செல் ஜாஸ் பைத்தியம். எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸைக் கேட்டு வளர்ந்தவர், அதற்கு முன் குழந்தை நட்சத்திரமாக நடித்தவர். அவருக்கும் இன்னொரு டிரம்மருக்கும் இடையே முடிவெடுக்க முடியாமல் காசு சுண்டிப் பார்த்தார்கள் என்பது எல்லாரும் சொல்லும் கதை. ஹெண்ட்ரிக்ஸுக்கு அப்போது 23 வயது. மற்ற இருவரும் இருபதைத் தொட்டவர்கள்.

அதே மாதங்களில் லண்டனில் இன்னொரு மூவர் குழு இருந்தது. எரிக் கிளாப்டன், ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் சேர்ந்த ‘கிரீம்’. அவர்களுடைய முதல் இசைத்தட்டு ‘ஃப்ரெஷ் கிரீம்’ 1966 டிசம்பர் 9 அன்று வந்தது. காலக்கணக்கில் அதுதான் மூத்தது. ஆனால் கிரீமில் மூவருமே ஏற்கெனவே வித்வான்கள். மூன்று தனிக்கச்சேரிகளை ஒரே மேடையில் வைத்ததுபோல் சில சமயம் கேட்கும். எக்ஸ்பீரியன்ஸில் ஒரு வித்வான், ஒரு துடிப்பான பக்கவாத்தியம், நேற்று பேஸ் எடுத்த ஒரு கிதார்க்காரர். குறை இருந்தது. குறையை மூடவேண்டிய கட்டாயமும் இருந்தது.

மூவர் குழுவுக்கு உள்ள சிக்கலைப் புரிந்துகொள்ள ப்ளூஸின் கட்டுமானத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வழக்கமான ப்ளூஸ் பாட்டு பன்னிரண்டு பார் கொண்ட ஒரு சுற்று. ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை, மொத்தம் நாற்பத்தெட்டு. நம் கணக்கில் ஆதி தாளம் ஆறு ஆவர்த்தனம். முதல் நான்கு பார் ஆதார ஸ்வரத்தின் மேல் நிற்கும்; பிறகு இரண்டு பார் மத்யமத்துக்கு நகர்ந்து, இரண்டு பார் வீடு திரும்பும்; ஒன்பதாவது பாரில் பஞ்சமத்துக்கு ஏறி, மத்யமம் வழியாக இறங்கி, மறுபடி ஆதாரத்தில் வந்து விழும். இந்த நகர்வைக் கேட்பவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்க ஒரு கருவி வேண்டும். பெரும்பாலும் பியானோ, அல்லது இரண்டாவது கிதார். அதன் மேல்தான் முதல் கிதார் தன் இஷ்டத்துக்கு அலையும். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே, பியானோவில் கட்டையே இல்லாத அந்த இடத்தில் கம்பியை வளைத்து நிறுத்தும். ப்ளூஸின் அழுகை அந்த இடுக்கில்தான் இருக்கிறது. கமகத்தில் வளர்ந்த காதுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

இரண்டாவது கிதார் இல்லையென்றால்? முதல் கிதார் அலையத் தொடங்கியதும் கீழே தரை மறைந்துவிடும். தம்புராவை நிறுத்திவிட்டு ஆலாபனை செய்யச் சொன்னால் எப்படியிருக்கும், அப்படி.

ஹெண்ட்ரிக்ஸ் இதற்குக் கண்ட வழிகளில் ஒன்று அவர் கையிலேயே இருந்தது. இடக்கைக்காரரான அவர், வலக்கைக்காரருக்கான ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாரைத் தலைகீழாகப் பிடித்து, கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்தார். கழுத்துப் பலகையின் மேலே எட்டிப் பார்க்கும் கட்டைவிரலால் தடித்த கம்பியை அழுத்தி ஆதார ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்வார். மற்ற நான்கு விரல்களும் விடுதலை. தாளத்துக்கான கிதாரும் பாட்டுக்கான கிதாரும் ஒரே கையில். ‘மே திஸ் பி லவ்’ போன்ற மெதுவான பாட்டுகளில் இது தெளிவாகக் கேட்கும்.

இன்னொரு வழி அவருக்குப் பின்னால் அடுக்கியிருந்தது: ஜிம் மார்ஷல் செய்த 100 வாட் ஆம்ப்கள். திருவிழா மைக் செட்டில் மைக்கைக் குழாய்க்கு நேரே பிடித்தால் ஊளையிடுமே, செட்டுக்காரர் ஓடிவந்து திருகைக் குறைப்பாரே, அதேதான் ஃபீட்பேக். கிதாரின் ஒலி ஆம்ப் வழியாகப் பெருகி வெளியே வந்து, அதே கிதாரின் கம்பியை மறுபடி அதிரவைக்கிறது. சுற்றிச் சுற்றி வளர்கிறது. மற்றவர்கள் பயந்து விலகிய அந்த ஊளையை ஹெண்ட்ரிக்ஸ் ஸ்ருதியாக்கினார். எந்த இடத்தில் நின்றால், கிதாரை எந்தக் கோணத்தில் திருப்பினால் எந்த ஸ்வரம் ஊளையிடும் என்று படித்துவைத்திருந்தார். ‘ஃபாக்ஸி லேடி’ தொடங்குவதே அப்படித்தான்: கம்பியை மீட்டும் சத்தம் ஏதும் இல்லாமல் ஒரு நடுக்கம் எழுந்து, பெருகி, பிறகு பாட்டு பாய்கிறது. நாயனக் கச்சேரி கேட்டவர்களுக்கு ஒத்துக்காரரைத் தெரியும். கன்னத்தை உப்பிக்கொண்டு ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருப்பவர். யாரும் அவரைப் பார்ப்பதில்லை, அவர் நிறுத்தினால் எல்லாருக்கும் தெரியும். ஹெண்ட்ரிக்ஸ் ஒரு மின்சார ஒத்துக்காரரைக் கண்டுபிடித்தார் என்று சொன்னால் மேலைநாட்டு விமர்சகர்கள் ஏற்பார்களோ என்னவோ, எவர் வீட்டுக் கல்யாணத்திலாவது மணமேடை அருகே உட்கார்ந்தவர்கள் ஏற்பார்கள்.

மூன்றாவது வழி மிட்செல். ராக் டிரம்மர் என்றால் தாளத்தைக் கட்டிக் காப்பவர் என்றிருந்த காலத்தில், அவர் பேச்சுக்குப் பேச்சு பதில் சொன்னார். கிதார் ஒரு சொற்கட்டை விட்டால் அதன் வாலைப் பிடித்து உருட்டுவார். மூன்று எண்ணிக்கையில் சுழலும் ‘மேனிக் டிப்ரஷன்’ பாட்டில் மிருதங்கக்காரர் பாடகரின் நிரவலை விரட்டுவதைப்போல் கிதாரை விரட்டிக்கொண்டே இருக்கிறார். ‘ஃபயர்’ பாட்டைப் பாதி டிரம்ஸுக்காகவே கேட்கலாம். இவ்வளவு துள்ளும் டிரம்ஸுக்கும் இவ்வளவு அலையும் கிதாருக்கும் நடுவே யாராவது ஒருவர் அசையாமல் நிற்க வேண்டுமே? நின்றவர் ரெடிங். பேஸ் அவருக்குப் புதிது என்பதால் அதிகம் வாசிக்கவில்லை. அதுவே நல்லதாயிற்று என்பது என் எண்ணம். ஜாக் புரூஸ் அந்த இடத்தில் இருந்திருந்தால் பாட்டு நெரிசலில் செத்திருக்கும்.

இதுவரை சொன்னது மேடைக் கதை. இசைத்தட்டு வேறு. 1966 அக்டோபர் 23 அன்று லண்டன் டி லேன் லீ ஒலிப்பதிவுக்கூடத்தில் முதல் சிங்கிளான ‘ஹே ஜோ’ பதிவானபோதே நான்காவது ஆள் உள்ளே வந்துவிட்டார். பின்னணியில் ‘பிரேக்கவேஸ்’ என்ற பெண்கள் குழுவின் குரல் கேட்கிறது. குழி அதனால் நிரம்பியது. தரைக்கு அடியில் இருந்த அந்தக் கூடத்துக்கு மேலே ஒரு வங்கி. சத்தம் தாங்காமல் புகார் வந்தது. காசும் கையைக் கடித்தது. சாண்ட்லர் தன் பேஸ் கிதார்களை விற்றுத்தான் வாடகை கொடுத்தார் என்பார்கள். பிறகு ஒலிம்பிக் கூடத்துக்கு மாறினார்கள். அங்கே எடி கிரேமர் என்ற இளம் ஒலிப்பதிவாளர்.

அன்றைய இயந்திரத்தில் நான்கு தடங்கள்தான். இன்று ஒரு செல்போனில் அதைவிட அதிகம் உண்டு. கிரேமர் செய்த வேலை எளிமையானது, ஆனால் துணிச்சலானது. டிரம்ஸை மட்டும் இரண்டு தடங்களில் விரித்து, மீதியில் பேஸையும் தாளக் கிதாரையும் பதிவுசெய்வார். நான்கும் நிரம்பியதும் அவற்றை இரண்டாக வடித்து இன்னொரு இயந்திரத்துக்கு மாற்றுவார். அங்கே மீதமுள்ள இரண்டு தடங்களில் குரலும் முதல் கிதாரும். வடித்தபின் திருத்தமுடியாது, பால் பொங்கியபின் அடுப்பைக் குறைப்பதுபோல் ஆகிவிடும். ஆக, இசைத்தட்டில் கேட்கும் ‘மூவர்’ பல பாட்டுகளில் நால்வர். அந்த நான்காமவரும் ஹெண்ட்ரிக்ஸ்தான். தலைப்புப் பாட்டில் நாடாவைத் தலைகீழாக ஓடவிட்டு, பின்னோக்கி நடக்கும் கிதார் ஒன்றையும் சேர்த்தார்கள்.

இது என் வாதத்தைக் கெடுக்கிறதா? முதலில் அப்படித்தான் நினைத்தேன். திரும்பத் திரும்பக் கேட்டால் வேறொன்று தெரிகிறது. கூட வந்த கிதார், காலியிடத்தை மூட வரவில்லை. தொலைவில் நின்று எதிரொலிக்கிறது, உறுமுகிறது, விலகுகிறது. நான்காவது நாற்காலியைப் போட்டார்கள். அதில் யாரையும் உட்காரவைக்கவில்லை.

1967 மே 12 அன்று பிரிட்டனில் டிராக் ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட தட்டில் பதினோரு பாட்டுகள். விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. முதலிடத்தை விடாமல் பிடித்திருந்தது பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’. பதினொன்றில் கலப்படமில்லாத பன்னிரண்டு பார் ப்ளூஸ் ஒன்றே ஒன்றுதான்: ‘ரெட் ஹவுஸ்’. ஒவ்வொரு எண்ணிக்கையும் மூன்றாகப் பிரியும் திஸ்ர நடையில், ஊரைவிட்டு வெளியே போயிருந்தவன் திரும்பிவந்து பார்த்தால் காதலியின் வீட்டுக் கதவு அவன் சாவிக்குத் திறக்கவில்லை என்ற எளிய கதை. இதில் ரெடிங் பேஸே வாசிக்கவில்லை. சாதாரணக் கிதார் ஒன்றின் கூர்மையைக் குறைத்து, பேஸ்போல் ஒலிக்கவைத்தார். மூவர் குழுவின் மிகச் சுத்தமான ப்ளூஸில் பேஸ் கிதாரே இல்லை என்பது எனக்கு இன்னும் அலுக்காத வேடிக்கை.

அமெரிக்கத் தட்டு அதே ஆண்டு ஆகஸ்ட் 23 அன்று ரிப்ரைஸ் நிறுவனத்தில் வந்தது. உறை மாறியது, வரிசை மாறியது. ‘ஹே ஜோ’, ‘பர்ப்பிள் ஹேஸ்’, ‘தி விண்ட் கிரைஸ் மேரி’ என்ற வெற்றிபெற்ற சிங்கிள்கள் உள்ளே வந்தன. மூன்று பாட்டுகள் வெளியே போயின. வெளியே போனவற்றில் ஒன்று ‘ரெட் ஹவுஸ்’. ப்ளூஸ் பிறந்த நாட்டில், ப்ளூஸ் கேட்டு வளர்ந்த கறுப்பினக் கலைஞரின் முதல் தட்டிலிருந்து, அதிலிருந்த ஒரே நேரடி ப்ளூஸை எடுத்துவிட்டார்கள். அமெரிக்க ரசிகர்களுக்கு அந்தப் பாட்டு 1969இல் ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ தொகுப்பில்தான் கிடைத்தது, அதுவும் வேறொரு பதிவாக. இந்தத் தட்டை ‘சைக்கடெலிக்’ என்ற அலமாரியில் வைத்துப் பூட்டிய பழக்கத்துக்கு இந்த நீக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வேர் வெட்டிய செடியைத் தொட்டியில் வைத்துப் பூவை மட்டும் காட்டினார்கள்.

இரண்டு வெளியீடுகளுக்கும் நடுவே ஜூன் 18 அன்று கலிஃபோர்னியாவின் மாண்டெரேயில் நடந்தது உலகறிந்த கதை. யார் முதலில் மேடையேறுவது என்று ‘தி ஹூ’ குழுவோடு தகராறு. அங்கேயும் காசு சுண்டினார்கள். ஹெண்ட்ரிக்ஸ் தோற்று, பின்னால் போய், முடிவில் கிதாருக்குத் தீ வைத்தார். அதே நாள் பிற்பகல் அதே மேடையில் இன்னொரு மூவர் இருந்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: சிதாரில் ரவிசங்கர், தபலாவில் அல்லா ரக்கா, தம்புராவில் கமலா சக்ரவர்த்தி. வாத்தியத்தை எரித்தது ரவிசங்கரை ஆழமாகப் புண்படுத்தியது. பின்னாளில் அதை வெளிப்படையாகவே சொன்னார். ஆயுத பூஜைக்கு வீணைக்குப் பொட்டு வைக்கும் வீட்டில் பிறந்த எனக்கும் அந்தப் படக்காட்சி இன்றுவரை உவப்பாக இல்லை. ஆனாலும் ஒரே மேடையில் சில மணி நேர இடைவெளியில் வந்த இந்த இரண்டு மூவரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. ரவிசங்கர் குழுவில் மூன்றில் ஒருவரின் முழுநேர வேலையே ஸ்ருதியை நிறுத்துவது. ஹெண்ட்ரிக்ஸ் அந்த வேலையை மின்சாரத்திடம் விட்டார்.

இந்தியாவில் இந்தச் சத்தத்துக்கு எதிரொலி வராமல் இல்லை. சிகரெட் விளம்பரத்துக்காக நடந்த ‘சிம்லா பீட்’ போட்டியின் 1970, 1971 இசைத்தட்டுகளைக் கேட்டால், கையில் கிடைத்த ஆம்பை வைத்துக்கொண்டு நம் நகரத்துப் பையன்கள் அந்த உறுமலைத் தேடியது கேட்கும். ஷில்லாங்கில் ரூடி வாலாங்கும் திப்ரிதி கர்பாங்கரும் 2003இல் தொடங்கிய ‘சோல்மேட்’, ப்ளூஸையே தொழிலாகக் கொண்டு மெம்ஃபிஸ் போட்டிவரை போனது. தமிழ்நாட்டிலிருந்து வந்த பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ராணிப்பேட்டையில் பிறந்து, சென்னை ஐஐடியில் கப்பல் கட்டுமானம் படித்து, கிதாரில் கர்நாடக சங்கீதம் வாசிக்கும் ஆர். பிரசன்னா, 2006இல் ஹெண்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். பெயர் ‘எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்’. எக்ஸ்பீரியன்ஸின் மூன்றாவதும் கடைசியுமான ‘எலக்ட்ரிக் லேடிலேண்ட்’ தட்டின் பெயரில் பிள்ளையாரை உட்காரவைத்துவிட்டார். கம்பியை வளைத்து அழுகிற ப்ளூஸ் கிதாரும் கமகமும் உறவுக்காரர்கள் என்பதை நான் இங்கே பத்தி பத்தியாக எழுதிக்கொண்டிருக்க, அவர் வாசித்தே காட்டியிருக்கிறார்.

பக்கவாத்தியத்துக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி நம் சபாக்களுக்கு மட்டும் உரியதல்ல. ‘ஆர் யூ எக்ஸ்பீரியன்ஸ்டு’ பிரிட்டிஷ் தட்டின் பாட்டுகள் எல்லாம் ஹெண்ட்ரிக்ஸ் எழுதியவை. ஆகவே பாட்டாசிரியர் பங்கும் அவருக்கே. குழுவின் பெயரிலும் அவர் பெயர்தான். 1969 ஜூனில் மூவரும் பிரிந்தார்கள். 1970 செப்டம்பர் 18 அன்று, 27 வயதில், ஹெண்ட்ரிக்ஸ் இறந்தார். ரெடிங் 2003இலும் மிட்செல் 2008இலும் போய்ச் சேர்ந்தார்கள். அந்த இருவரின் தரப்பு, பதிவுகளில் தங்களுக்கும் உரிமை உண்டு என்று லண்டன் உயர்நீதிமன்றப் படியேறியது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2005ஆம் ஆண்டுக்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்துக் காப்பாற்றும் தட்டு அது. அதில் டிரம்ஸையும் பேஸையும் நீக்கிவிட்டுக் கேட்டுப் பாருங்கள் என்று நீதிபதியிடம் சொல்லத் தோன்றுகிறது எனக்கு; சட்டம் அப்படிக் கேட்பதில்லை.

அன்றைக்குத் தெருவில் அந்தப் பையன்கள் ‘ரெட் ஹவுஸ்’ பாட்டை முடிவில் இன்னொரு முறை வாசித்தார்கள். நடுவில் கிதார்க்காரன் ஆம்ப் பக்கம் திரும்பி நின்றான். ஊளை கிளம்பியது. ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்த மைக் செட்டுக்காரர் டம்ளரை வைத்துவிட்டு ஓடிவந்தார். பையன் இடது கையை உயர்த்தி, வேண்டாம் அண்ணே, விடுங்க என்று சைகை காட்டினான். அவர் திருகில் கை வைத்தபடியே நின்றார். பாட்டு முடியும்வரை திருகவில்லை.